மகளிடம் மட்டும் கேட்கவில்லை

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு, மழை விட்ட நேரம்.

பாசத்துக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய நானா அவர்களுக்கு, உங்கள் தம்பி பளீல் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் என் வீட்டுக்காரி றம்லத்தும் அவளுடைய தம்பி ருஷ்தியும், கடையில் விலைபோகாமல் கிடக்கும் குடைகளும் சுகமாக இருக்கிறோம். அவ்வாறே தெஹிவளையில் தாங்களும், தங்களைக் கண்போல் பார்த்துக்கொள்ளும் மகள் அகீலாவும், தங்களுக்குப் புதிதாக வைத்த இடுப்பு எலும்பும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். என் மகள் ரிப்காவின் கலியாணம் நேற்று நல்லபடி முடிந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கடைசிவரை வாசிப்பீர்களோ என்னவோ. முடிந்தது நானா. மாப்பிள்ளை அதே நஸீப்தான். வேறு ஆள் இல்லை.

கையில் போன் இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நேற்றுப் பின்னேரமும் எடுத்தேன், இன்று காலையும் எடுத்தேன். "நானா, அது வந்து" என்று தொடங்கினேன். "நீ பேசாத" என்றீர்கள். பேசாமல் இருந்தேன். "ஏன் பேசாம ஈக்கிற?" என்றீர்கள். பேசப் போனேன், வைத்துவிட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. இத்தனை காலம் பாடசாலை அதிபராக இருந்தவருக்கு எதிரில் நிற்பவன் பேசினாலும் பிழை, பேசாவிட்டாலும் பிழை. கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. குறுக்கே பேச முடியாது, மடித்து வைக்கத்தான் முடியும்.

ஒபரேஷனால் நீங்கள் கலியாணத்துக்கு வர ஏலாமல் போனதற்காக ருஷ்தி பள்ளிவாசலில் இருந்து போனில் வீடியோ காட்டினான் அல்லவா, அதில் நீங்கள் கண்டது பாதிதான். உங்கள் தம்பி மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி நிக்காஹ் காவின் எழுத உட்கார்ந்திருக்கிறான். பள்ளி இமாம் ஹஸரத் ஏதோ கேட்கிறார். தம்பி முழிக்கிறான். மாப்பிள்ளையின் கையை விடுகிறான். எழும்புகிறான். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வெளியே போகிறான். அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரிந்தது வானம், ஒரு த்ரீவீலின் கூரை, பிறகு ருஷ்தியின் சட்டைப் பை. இவ்வளவையும் வைத்து "பளீல் குடும்ப மானத்தக் காத்துல விட்டுட்டான்" என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னதாக அக்குறணையில் இருந்து ஒருவர், மடவளையில் இருந்து இருவர் எனக்கு அறிவித்துவிட்டார்கள். தீர்ப்பு வந்தாயிற்று, இனி விசாரணை. தயவுசெய்து சாய்ந்து இருந்து வாசியுங்கள்.

இந்தச் சம்பந்தம் பேசிய நாளில் இருந்து நான் எவ்வளவு பொறுப்பாக நடந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பள்ளித் தலைவரிடம் திகதி கேட்டேன். மண்டபக்காரரிடம் மண்டபம் கேட்டேன். மாப்பிள்ளையின் வாப்பா பாரூக் ஹாஜியாரிடம், தெல்தெனியவில் இருந்து எத்தனை பஸ் வரும் என்று கேட்டேன். வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டியா, தென்னங் கருப்பட்டியா என்று தெருவில் எந்த வீட்டையும் விடாமல் கேட்டேன். உங்களிடம் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டேன், முதல் தரம் சொன்னதை நீங்கள் மாற்றுவீர்கள் என்பதால். ரிப்காவிடம் நஸீபின் படத்தைக் காட்டினோம், அவள் சிரித்தாள். பெரியவர்கள் முன்னால் இருவரும் பேசினார்கள், அப்போதும் சிரித்தாள். சிரித்த பிள்ளையிடம் இன்னும் என்ன கேட்க இருக்கிறது என்று நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். றம்லத் மட்டும் அடிக்கடி, "புள்ளட்ட பேசினீங்களா?" என்பாள். "ம்" என்பேன். அந்த "ம்" எதற்கென்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

இதற்குள் இன்னொரு விஷயம் கிடந்தது. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. சம்பந்தம் முற்றான அன்று நீங்கள் போனில் பாரூக் ஹாஜியாரிடம், "எங்கட குடும்பத்துல கலியாணம் முடிச்ச பொம்புளகள் வேலைக்குப் போற வழக்கமில்ல. புள்ள வேலைய விட்டுருவா, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தீர்கள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள், பழக்கதோஷம். வீட்டுக்கு வந்து இதை ரிப்காவிடம் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ நினைத்தேன். பேராதனையில் கண் முழித்துப் படித்து மிருக வைத்தியரானவள். காலையில் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு மாட்டுப் பட்டிக்குப் போய், பின்னேரம் சாணி மணக்க வந்து, "வாப்பா, இண்டைக்கு ஒரு கண்டுக்குட்டி வெளிய வர மாட்டேன் எண்டு அடம்" என்று கதை சொல்லுவாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்றே நாள் போனது. கடைசியில் வாசலில் அவளுடைய கம்பூட்ஸைக் கண்டாலே நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செருப்பைப் போடுகிற நிலைமை. நானா, என் வீட்டு வாசலில் நான் ஒரு சோடி ரப்பர் சப்பாத்துக்குப் பயந்து நடந்தேன்.

போன மாதம் ஒரு நாள் அவளை மடவளையில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனேன், ஒரு ஆட்டுக்கு ஊசி போட. ஆட்டின் காலைப் பிடிக்க நாங்கள் இரண்டு பேர் தயார். இவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு குந்தி இருந்து, ஆட்டின் முகத்தைப் பார்த்து, "கொஞ்சம் நோகும், சரியா?" என்றாள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். ஆட்டுக்காரர் சிரித்தார், அவரை விட நான் சிரித்தேன். "ஆடு என்ன செல்லுது மகள்?" என்று கேட்டேன். "யோசிக்குது வாப்பா" என்றாள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த ஆடுதான் நேற்று என்னைப் பள்ளிவாசலில் இருந்து எழுப்பியது.

அஸர் தொழுகை முடிந்து சபை நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் தெல்தெனிய ஆட்கள், மறுபக்கம் நம் ஆட்கள். பெண்ணுக்குப் பொறுப்பான வலியாக நான் நடுவில். மாப்பிள்ளையின் கை என் கையில். எங்கள் இரண்டு பேருக்கும் வேர்த்து, யாருடைய வேர்வை என்று தெரியாத அளவுக்கு இருந்தது. ஹஸரத் மைக்கை என் பக்கம் நீட்டி, ரொம்பச் சாதாரணமாக, "பளீல் ஹாஜி, மகள்ட சம்மதம் கேட்டாச்சா?" என்றார். நான் "அது... புள்ள சிரிச்சா ஹஸரத்" என்றேன். "சிரிச்சது சரி. கேட்டீங்களா?" "பேசாமத்தான் ஈந்தா. மௌனம் சம்மதம்தானே?" அதற்கு அந்த மனிதர் சொன்னதை நீங்கள் அதிபர் என்ற முறையில் ரசிப்பீர்கள். "கேட்ட பொறகு பேசாம இருந்தாத்தான் ஹாஜி அது மௌனம். கேக்காமலே பேசாம இருந்தா, அது அந்தப் புள்ள சும்மா இருந்தது. வாயால கேட்டீங்களா, இல்லையா? ஓமெண்டா ஓமெண்டு செல்லுங்க, எழுதுவோம்."

ஓம் என்ற ஒரு சொல், நாக்கு நுனியில் வந்து நின்றது. "இந்தக் குடை காத்துக்கு மடங்காதா?" என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நாளும் பொழுதும் அந்த ஓமைச் சொல்கிறவன் நான். ஆனால் அல்லாஹ்வின் வீட்டில் இருந்துகொண்டு வாய் வரவில்லை. கண்ணுக்குள்ளே அந்த ஆடு வந்து நிற்கிறது நானா, யோசித்துக்கொண்டு. ஒரு ஆட்டிடமே கேட்கிற பிள்ளையிடம் நான் கேட்கவில்லையே. "எல்லார்ட்டயும் கேட்டன் ஹஸரத், புள்ளட்ட மட்டும் கேக்கல்ல" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். மைக் போட்டிருந்தது. கட்டுகஸ்தோட்டைக்கே கேட்டது.

ஹஸரத் கோபப்படவில்லை. "அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க, நாங்க இங்கதான் ஈக்கிறோம்" என்றார். அந்த நேரத்தில்தான் நான் எழும்பினேன், அதுதான் உங்களுக்குக் கடைசியாகத் தெரிந்த காட்சி. ஓடிப்போகவில்லை, கேட்கப் போனேன். வாசலில் இருந்த சப்பாத்துக் கடலுக்குள்ளே என்னுடையதைத் தேட நேரமில்லாமல், தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யும் இடத்தில் கிடந்த ரப்பர் செருப்பில் ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, இரண்டையும் மாட்டிக்கொண்டு, சேர்வானியோடு ருஷ்தியின் த்ரீவீலில் ஏறினேன். பிள்ளை வீட்டில் இருந்திருந்தால் பக்கம். அவளும் றம்லத்தும் அலங்காரத்துக்குக் கண்டி டவுனில் ஒரு பியூட்டி பார்லரில். போன் எடுத்தால் இரண்டு பேரும் எடுக்கவில்லை. டவுனுக்குப் போகிற பாலத்தில் எப்படி வாகனம் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அசையவில்லை. மழையும் தொடங்கியது. குடைக்கடைக்காரனிடம் குடை இல்லை. பக்கத்து பஸ்ஸில் இருந்து ஒரு மனுஷி என்னைப் பார்த்து, மாப்பிள்ளை கொஞ்சம் வயசாளிபோல என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது. ருஷ்தி வேறு, "மச்சான், இப்பவே கேட்டாத்தானா? காவின் எழுதிட்டுக் கேட்டா ஏலாதா?" என்றான். அவனுக்கு இன்னும் கலியாணமாகவில்லை, அதனால் மன்னித்தேன்.

பார்லர் வாசலில் போர்டு போட்டிருக்கிறது, ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று மூன்று மொழியிலும். உள்ளே கால் வைத்தேன். அங்கிருந்த சிங்கள நோனா கையை நீட்டித் தடுத்தாள். "மாத்தயா, உள்ளுக்கு வர ஏலாது. லேடீஸ் மட்டும்." "நான் மணமகள்ட வாப்பா" என்றேன். "யாரெண்டாலும்தான்" என்றாள். பள்ளியில் முன்வரிசை, பந்தியில் முதல் சஹன் தட்டு, கூட்டத்தில் முதல் கதிரை என்று இத்தனை வயது வரை எங்கேயும் என்னை நிறுத்தியவர் இல்லை. அங்கே மழைக்குள்ளே, ஒரு நீலச் செருப்பும் ஒரு சிவப்புச் செருப்புமாக நின்றேன். என் நிலைமையைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போல. "நில்லுங்க, மகள்ட்ட கேட்டுட்டு வாறன், உங்களப் பாக்க விருப்பமா எண்டு" என்று உள்ளே போனாள். கவனித்தீர்களா நானா? இந்தக் கலியாணத்தில் ரிப்காவிடம் முதன்முதலாகச் சம்மதம் கேட்டது அந்த நோனாதான்.

விருப்பம் என்று பதில் வந்தது. ஒரு திரைக்கு இந்தப் பக்கம் எனக்கொரு ஸ்டூல் போட்டார்கள். திரையைக் கொஞ்சம் விலக்கி ரிப்கா பார்த்தாள். ஒரு கண்ணுக்கு மை, மற்றக் கண் வெறும் கண். பக்கத்தில் றம்லத், வாய் நிறையத் தலையில் குத்துகிற ஊசி. நான், "மகள், நஸீபைக் கலியாணம் முடிக்க ஒனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்கோ ஒவ்வொரு நிமிஷமும் தெல்தெனிய பஸ் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகிற மாதிரி. "ஏன் மகள் பேசாம ஈக்கிற?" என்றேன். "யோசிக்கிறன் வாப்பா" என்றாள். பிறகு மை போடாத கண்ணால் என்னைப் பார்த்து, "கலியாணத்தோட இன்னம் என்னத்துக்கெல்லாம் நான் சம்மதிச்சதா நீங்க செல்லியீக்கிறீங்க? எல்லாத்தையும் செல்லுங்க" என்றாள்.

நான் சொன்னேன் நானா. உங்கள் வாக்கையும் என் தலையாட்டலையும் சேர்த்துச் சொன்னேன். றம்லத் வாயில் இருந்த ஊசியை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள், ஏசுவதற்கு வாய் வேண்டும் என்று. ரிப்கா கையைக் காட்டித் தடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நஸீபுக்கு இது தெரியுமா?" "தெரியாது மகள். பெரியாக்கள் பேசினது." "எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அப்ப வேலைய விடப் போறது யாரு வாப்பா, பெரியவாப்பாவா?" நீங்கள்தான் ஏற்கெனவே ஓய்வு பெற்றவராயிற்றே. அவள் தொடர்ந்து, "மாட்டுக்கு ஊசி போட முன்னாலயும் நான் அதுட முகத்தப் பாக்கிறன். நீங்க என்ட முகத்த இத்தன நாளாப் பாக்கல்ல. கம்பூட்ஸக் கண்டா அங்கால திரும்புறீங்க. ஏனெண்டு இப்பத்தான் விளங்குது" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நோனா டிஷ்யூ கொண்டுவந்து தந்தாள், மணமகளுக்கென்று வைத்திருந்தது.

கடைசியாக ரிப்கா சொன்னது இதுதான். "நஸீபை முடிக்கச் சம்மதம். வேலைய விடச் சம்மதமில்ல. ரெண்டையும் ஒண்டாச் செல்லணும் வாப்பா. ஒண்டச் செல்லிட்டு மத்தத முழுங்கிட வாணாம். அவங்க வாணாமெண்டு எழும்பிப் போனா, நான் முகத்தக் கழுவிட்டு ஊட்டுக்கு வாறன். பயப்பிட வாணாம்." பயப்பட வேண்டாமாம். நூறு பேருக்கு மேல் சமையல் ஆகி, வட்டிலப்பம் வெந்து, மண்டபத்தில் மாலை கட்டி இருக்கிறது. பாரூக் ஹாஜியார் எழும்பிப் போனால் பிள்ளையின் பேர் என்ன ஆகும், அவள் சிரித்த சிரிப்பு என்ன ஆகும்? திரும்பி வரும் வழி முழுக்க எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன், தெரியாததைப் பாதியில் நிறுத்தினேன்.

இனி எழுத்துத் தமிழ் வராது நானா, பேசுற மாதிரியே எழுதுறேன். பள்ளிக்குள்ளே போய் உட்கார்ந்ததும் சபை அப்படியே அடங்கிட்டுது. ஹஸரத் மைக்கைத் தந்தார். இந்த முறை நானே வாங்கினேன். "மகள்ட்ட கேட்டன். நஸீபை முடிக்கச் சம்மதம் எண்டு செல்றா. வேலைய விடுறதுக்குச் சம்மதமில்ல எண்டும் செல்றா. ரெண்டையும் ஒண்டாச் செல்லச் சொன்னா, செல்லிட்டன்" எண்டேன். பாரூக் ஹாஜியார் எழும்பினார். போச்சு எண்டு நினைச்சேன். தொப்பியக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார், திரும்பப் போட்டார். "அப்ப புள்ள கலியாணம் முடிச்ச பொறகும் மாட்டு டொக்டர் வேல செய்வாவா?" எண்டார். "செய்வா ஹாஜியார்" எண்டேன். "உறுதியா?" "உறுதி." "அல்ஹம்துலில்லாஹ்" எண்டு செல்லி அப்படியே உக்காந்துட்டார்.

விஷயம் என்னெண்டா நானா, அவங்க ஊட்டுல பால்மாட்டுப் பட்டி ஈக்கிது. அது எங்களுக்குத் தெரியும், ஆனா நாங்க அதைச் சீதனக் கணக்குல பாத்தோமே தவிர மாட்டுக் கணக்குல பாக்கல்ல. ஹாஜியார் மைக்குலயே செல்றார்: "எங்கட ஊட்டுல இந்தச் சம்பந்தத்தப் பிடிச்சதே புள்ள மிருக வைத்தியர் எண்டுதான். நஸீபுட உம்மா மாடுகளுக்கெல்லாம் செல்லி வச்சிட்டா. அந்த நேரம் பாத்து உங்க நானா போன்ல, வேலைக்கு அனுப்ப மாட்டோம், அது எங்கட வழக்கமில்ல எண்டு அவ்வளவு கண்டிப்பாச் செல்றார். அவர் அதிபர், பெரிய மனுஷர். மறுத்துப் பேசினா மரியாதையில்லையே எண்டு நானும் ஆ நல்லம் எண்டேன். எங்கட ஊட்டுல அண்டைக்கு ஒருத்தரும் ஒழுங்காச் சோறு தின்னல்ல." நானா, நீங்க அவங்களுக்காக வாக்குக் கொடுத்தீங்க, அவங்க உங்களுக்காக ஏத்துக்கிட்டாங்க, நான் ரெண்டு பேருக்குமாத் தலையாட்டினேன். யாருக்குமே வேணாத ஒரு சாமானை இத்தனை ஆம்புளகள் சேந்து மாதக்கணக்காத் தூக்கிச் சுமந்திருக்கிறோம்.

மாப்பிள்ளை நஸீப் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குறார். "வாப்பா, இதெல்லாம் எனக்கு யாரும் செல்லல்லயே?" "ஒன்ட்ட யாரு கேட்டது?" எண்டு ஹாஜியார் வாய்தவறிச் செல்லிட்டார். சபை முழுக்கச் சிரிப்பு. ஹஸரத் உடனே நஸீபுட பக்கம் திரும்பி, "மகன், இந்தக் கலியாணத்துல ஒங்களுக்காவது சம்மதமா, இல்ல ஒங்கள்ட்டயும் யாரும் கேக்கல்லயா?" எண்டார். "யாரும் கேக்கல்ல ஹஸரத், ஆனா சம்மதம்" எண்டார் பொடியன், காது ரெண்டும் சிவந்து. அதுக்குப் பொறகு காவின் எழுதி முடிக்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போகல்ல. மருமகன் என்ட கையைப் பிடிச்சிருந்த பிடியிலயே எனக்கு விளங்கிட்டுது, நல்ல பிள்ளை எண்டு. போன்ல ரிப்காவுக்கு விஷயத்தச் சொன்னேன். "மாடுகளப் பாக்கிறன், ஆனா மாமாட மாடு எண்டு முன்னுக்குப் பாய ஏலா, வரிசையிலதான் வரணும் எண்டு செல்லுங்க" எண்டா. றம்லத் போனை வாங்கி, "மத்தக் கண்ணுக்கும் மை போடச் செல்லட்டா?" எண்டு கேட்டா. அப்பத்தான் நானும் சிரிச்சேன்.

மண்டபத்துல நீங்க எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பின வாழ்த்து மடலை ருஷ்தி வாசிச்சான். அந்த விஷயமும் எழுதணும், இல்லாட்டி வேற யாராவது உங்களுக்குச் சொல்லுவாங்க. "அடுக்களைக்கு அகல்விளக்கே, அதிர்ந்துபேசா அன்னமே" எண்ட இடம் வந்ததும் முதல்ல பொம்புளகள் பக்கம் சிரிப்பு வந்தது, பொறகு ஆம்புளகள் பக்கம், கடைசியில அதை வாசிச்ச ருஷ்தியே சிரிச்சிட்டான். கவிதை பிழையில்ல நானா, எதுகை மோனையெல்லாம் நல்லாத்தான் ஈந்தது. பள்ளி மைக்குல எல்லாரும் கேட்டுட்டு வந்த நேரம்தான் கொஞ்சம் சரியில்ல. மேடையில இருந்த நஸீப், "அந்த அகல்விளக்கு வரிய எனக்குத் தாங்க, ஊட்டுல புரியாணி ஆக்கிறது நான்தான்" எண்டார். மாப்பிள்ளைக்கு நீங்க எழுதின "ஏறுநடைச் சிங்கமே" எண்ட வரியை ரிப்கா எடுத்துக்கிட்டா, பட்டிக்குள்ள கம்பூட்ஸோட நடக்கிறது அவதானே. ஆக, நீங்க எழுதினதுல ஒரு சொல்லும் வீண்போகல்ல. ஆள் மட்டும் மாறிட்டுது. மடலை அவங்க ரெண்டு பேரும் தெல்தெனியவுக்குக் கொண்டுபோயிட்டாங்க, முன்வாசல்ல மாட்டுவாங்களாம்.

இண்டைக்குக் காலையில எழும்பி வாசலுக்கு வந்தேன். கம்பூட்ஸ் இருந்த இடம் காலி. நேத்து அலுமாரியில இருந்து அவட உடுப்புப் பெட்டியை எடுக்கும்போது அதையும் நானே துடைச்சு ஒரு பையில போட்டு, பட்டுச் சாரிக்குப் பக்கத்துல வச்சு அனுப்பினேன். வெறும் இடத்தைப் பாத்துக்கிட்டு நிண்டேன். பிள்ளை போன கவலை ஒரு பக்கம் ஈந்தாலும், எத்தனையோ நாளைக்குப் பொறகு என்ட வாசல்ல நான் நேராப் பாத்து நடந்தேன். இந்த நிம்மதியை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்க செஞ்சது பிழை எண்டு சொல்ல எனக்கு வயசு பத்தாது. ஆனா ஒண்டு முடிவெடுத்திட்டேன். இனி இந்தக் குடும்பத்துல யாருட விஷயமெண்டாலும் முதல்ல அவங்கள்ட்டயே கேக்கிறது, அதுக்குப் பொறகுதான் வட்டிலப்பத்தப் பத்தி யோசிக்கிறது. பளீல் பழைய பளீல் இல்ல.

உங்கட இடுப்புக்கு அல்லாஹ் பூரண ஷிபாவையும், இந்தக் கடிதத்தக் கிழிக்காம வைக்கிற பொறுமையையும் தருவானாக. றம்லத் ஸலாம் சொல்லச் சொன்னா. வட்டிலப்பம் ஒரு பேசின் அனுப்புறோம், சீனி வருத்தத்துக்குக் கொஞ்சமாத் தின்னுங்க, மிச்சத்த அகீலாவுக்குக் கொடுங்க.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை ஒரு தரம் மட்டும் தட்டிய தம்பி,
பளீல்.

பி.கு.: ஒரு நல்ல செய்தி எழுத மறந்திட்டேன். நேத்து மண்டபத்துல நாவலப்பிட்டியில இருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சந்திச்சேன். மரியாதையான ஆக்கள், மாப்பிள்ளையும் தங்கமான பிள்ளை. நம்மட அகீலாவுக்குப் பொருத்தமா ஈக்கும் எண்டு பட்டது, நீங்களும் சுகமில்லாம ஈக்கிறீங்க எண்டு நானே பேசி முடிச்சு வாக்குக் கொடுத்திட்டேன். அகீலா டீச்சர் வேலையை விடுறதுல பிரச்சினை வராது எண்டும் சொல்லியாச்சு. நோம்புப் பெருநாளுக்குப் பொறகு திகதி வைக்கலாம்.

பி.கு.வுக்குப் பி.கு.: நானா, கடிதத்தை ஒட்ட முன்னால றம்லத் வாங்கி வாசிச்சிட்டா. ஏசுவா எண்டு பாத்தேன், ஏசல்ல. பேனையைத் திரும்ப என்ட கையில தந்து, "அகீலாட்ட கேட்டீங்களா?" எண்டு மட்டும் கேட்டா. நான் "ம்" எண்டேன். பொறகு அந்த "ம்" எதுக்கு எண்டு யோசிச்சு, வெக்கப்பட்டு, அகீலாவுக்குப் போன் எடுத்தேன். கேட்டேன். கனநேரம் சத்தமில்ல. "யோசிக்கிறியா மகள்?" எண்டேன். "இல்ல சாச்சா, அழுகிறன். இதுவரைக்கும் என்ட்ட யாரும் கேக்கல்ல" எண்டா. அதுக்குப் பொறகு அவ ஒரு பதில் சொன்னா. நாவலப்பிட்டிக்கு நாளைக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கிறேன், அது என்ட பாடு. ஆனா அவ சொன்னதை இதுல எழுத மாட்டேன், எழுதினா திரும்பவும் ஒரு ஆம்புள அவளுக்காகப் பேசினதா ஆயிடும். அவ உங்கட பக்கத்து அறையிலதானே ஈக்கிறா. மெதுவா எழும்பிப் போய், முகத்தப் பாத்து, நீங்களே கேளுங்க. கொஞ்சம் நோகும், சரியா?